லெ மான் பந்தயத்தின் வரலாற்றை எழுதியவை கார்களா, விதிப்புத்தகமா?

கொண்டைஊசி (தொடக்கப் பதிவு)

ஞாயிற்றுக்கிழமை நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்கு முடிந்த, பிரான்சின் 2025 லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில், 83ஆம் எண் மஞ்சள் ஃபெராரி சுமார் 14 விநாடி இடைவெளியில் போர்ஷேவை வென்றதை நம்மில் பலர் கண்விழித்துப் பார்த்தோம். அந்த வெற்றியைக் கொண்டாட இந்த மன்றத்தில் வேறு உரையாடல் இழைகள் இருக்கின்றன. என் மனத்தில் தங்கிவிட்டது நான்காவதாகக் கோட்டைக் கடந்த 50ஆம் எண் ஃபெராரி. பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில் அதன் பின்னிறகு (காரைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கும் பின்பலகை) அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக வளைவது தெரியவந்ததால், முடிவுப் பட்டியலிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் ஓடிய ஓட்டம், இறகு வளைந்த மில்லிமீட்டர் கணக்கில் இல்லாமல் போனது.

கொடுமை என்று முதலில் தோன்றியது. ஆனால் இந்தப் பந்தயம் பிறந்ததே சோதனைக்காகத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முடிவு பந்தயத்தின் இயல்புக்கு முரணானதன்று. 1922இல், லெ மான் நகரின் மோட்டார் சங்கமான ஆட்டோமொபைல் கிளப் த லுவெஸ்ட்டின் செயலாளர் ஜார்ஜ் துரான், பத்திரிகையாளர் சார்ல் ஃபாரூ, ருட்ஜ்-விட்வர்த் சக்கர நிறுவனத்தின் பிரெஞ்சுப் பிரதிநிதி எமில் கொக்கில் ஆகிய மூவரும் கூடிப் பேசியபோது, அவர்கள் முன் இருந்த கேள்வி எந்தக் கார் வேகமானது என்பதன்று. விலைக்கு விற்கப்படும் கார் ஒன்று இரவெல்லாம் தன் விளக்குகளோடும் டைனமோவோடும் ஓடித் தாக்குப்பிடிக்குமா என்பதே. அன்றைய கார் விளக்குகள் நம்பத்தக்கவை அல்ல. ஆகவே இரவையும் உள்ளடக்கி 24 மணி நேரம் என்று வைத்தார்கள். 1923 மே 26 மாலை நான்கு மணிக்கு, 17 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுற்றளவுள்ள பொதுச் சாலைகளில், 33 கார்கள் மழையிலும் ஆலங்கட்டியிலும் கிளம்பின. அவற்றில் 30 கார்கள் மறுநாள் வரை ஓடி முடித்தன என்பது இன்றைக்கும் வியப்பூட்டும் கணக்கு. அதிகத் தொலைவு ஓடியது, லகாஷும் லெயோனாரும் மாறி மாறி ஓட்டிய ஷெனார் எ வால்க்கர் கார், 2,209 கிலோமீட்டர்.

எனவே என் கருத்து இது: எந்த ஆண்டில் யார் வென்றார் என்ற பட்டியலை விட, எந்த ஆண்டில் எந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்ற பட்டியலே லெ மானின் உண்மையான வரலாறு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

செட்டிபாளையம்

பட்டறைக்காரன் என்ற முறையில் முதல் சில ஆண்டுகளின் விதிகளைப் படித்தால் எனக்குக் கை பரபரக்கும். காரில் கோளாறு ஏற்பட்டால் ஓட்டுநரே இறங்கி, காரில் உள்ள கருவிகளைக் கொண்டே சரி செய்ய வேண்டும், மெக்கானிக் தொடக்கூடாது. 1924 முதல் பெட்ரோல், எண்ணெய், தண்ணீர் மூடிகளுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். 20 சுற்று முடியும் முன் எதையும் ஊற்ற முடியாது. 20 சுற்று என்பது ஏறத்தாழ 345 கிலோமீட்டர், அதாவது கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினால் திருநெல்வேலியை எட்டுகிற தூரம். அதுவரை ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், அந்தக் காலத்து எஞ்சினைப் பந்தய வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 1925இல் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிவந்து, துணிக்கூரையை விரித்து மாட்டிய பிறகே கிளம்ப வேண்டும் என்றும் வைத்தார்கள். குடும்பத்தோடு போகிறவன் வாங்கும் காரில் கூரை ஒழுங்காக நிற்கிறதா என்பதும் அந்தச் சோதனையில் அடக்கம்.

1923இல் நடந்த ஒரு காட்சியை இங்கே சொல்லியாக வேண்டும். ஜான் டஃப் என்ற கனடாக்காரர் தம் சொந்த பென்ட்லியைக் கொண்டுவந்திருந்தார்; உடன் ஓட்டியவர் ஃபிராங்க் கிளெமென்ட். அந்தக் காருக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். முன்னணிக்காகப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில் சாலைக் கல் ஒன்று தெறித்து டேங்கை ஓட்டையாக்கிவிட்டது. பெட்ரோல் தீர்ந்து கார் வழியில் நின்றுவிட, டஃப் பிட்டுக்கு (கார்களுக்கு எரிபொருள் ஊற்றிப் பழுதுபார்க்கும் இடம்) கால்நடையாக ஓடிவந்தார். கிளெமென்ட் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பெட்ரோல் கேன்களைச் சுமந்துகொண்டு, கார்கள் சீறிவரும் அதே தடத்தில் எதிர்த்திசையில் மிதித்துப் போனார். ஓட்டையை அடைத்து, பெட்ரோலை ஊற்றி, சைக்கிளையும் காரின் பின்னால் போட்டுக்கொண்டு திரும்பினார். அவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கார் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டு அதே இருவர் பென்ட்லிக்கு முதல் வெற்றியைப் பெற்றுத் தந்தார்கள். பிறகு 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு வெற்றிகள்.

மெக்கானிக் தொடக்கூடாது என்ற விதி இல்லையென்றால் அந்தச் சைக்கிள் கதையே இல்லை. அந்த அளவில் தொடக்கப் பதிவை ஒப்புக்கொள்கிறேன்.

நள்ளிரவு வானொலி

நான் ஒப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை மிதித்தது விதிப்புத்தகம் அன்று, கிளெமென்ட். விதிகள் எப்போதும் நிகழ்ச்சிக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருகின்றன.

போருக்குப் பின் பந்தயம் மீண்டும் தொடங்கிய 1949ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லூயிஜி கினெட்டி என்பவர் இரண்டு லிட்டர் ஃபெராரியில் 22 மணி நேரத்துக்கு மேல் தாமே ஓட்டி, லெ மானில் ஃபெராரிக்கு முதல் வெற்றியைத் தந்தார். கூட்டாளியான செல்ஸ்டன் பிரபு ஸ்டியரிங்கைப் பிடித்த நேரம் மிகக் குறைவு. 1952இல் பியேர் லெவெக் இன்னும் ஒரு படி மேலே போனார். டால்போ காரில் 23 மணி நேரம் போலத் தனியாகவே ஓட்டினார். கூட்டாளி உடை மாற்றிக்கொண்டு பிட்டில் காத்திருக்க, இவர் இடம் கொடுக்கவில்லை. பல சுற்று முன்னணியில் இருந்தவர், பந்தயம் முடியும் தறுவாயில், களைப்பில் கியரைத் தவறாகப் போட்டதால் எஞ்சின் உடைந்தது என்று அன்று பரவலாகச் சொன்னார்கள். எஞ்சினில் முன்பே கோளாறு தெரிந்ததால்தான் காரைப் பிறர் கையில் கொடுக்கவில்லை என்பது லெவெக் தரப்பு விளக்கம். எப்படியானாலும் வெற்றி மெர்சிடிஸ் கைக்குப் போனது.

தனக்கு வெற்றியை விட்டுக்கொடுக்க நேர்ந்த அந்த மனிதரை மெர்சிடிஸ் மறக்கவில்லை. 1955இல் தன் அணியில் ஓர் இருக்கை கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 49.

ஜூன் 11, மாலை ஆறரை மணியை நெருங்கும் நேரம். பிட்டுக்கென்று தனிப் பாதை கிடையாது. கார்கள் முழு வேகத்தில் போகும் அதே ஒடுங்கிய சாலையின் ஓரத்திலேயே பிட்டுகள். ஜாகுவாரில் வந்த மைக் ஹாத்தார்ன், லான்ஸ் மாக்லினின் மெதுவான ஆஸ்டின்-ஹீலியை முந்திய கையோடு பிட்டுக்காக பிரேக் பிடித்தார். ஜாகுவாரில் இருந்தது டிஸ்க் பிரேக். அது பிடித்த பிடிக்கு ஈடுகொடுக்க முடியாமல் மாக்லின் இடப்புறம் ஒதுங்கினார். அங்கே அவரை விட மிக அதிக வேகத்தில் லெவெக்கின் மெர்சிடிஸ் வந்துகொண்டிருந்தது. ஹீலியின் சரிந்த பின்புறம் ஏற்றப் பலகைபோல் ஆகிவிட, மெர்சிடிஸ் அதன் மேலேறி எழும்பி, கூட்டத்தை ஒட்டிய மண்மேட்டில் மோதியது. எஞ்சினும் முன்அச்சும் பானெட்டும் பிய்ந்து பார்வையாளர் நடுவே பாய்ந்தன. லெவெக்கும் 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் மாண்டார்கள். மெக்னீசியக் கலவையால் ஆன உடற்கூடு தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வெண்மையாக எரிந்தது.

பந்தயத்தை நிறுத்தவில்லை. கூட்டம் மொத்தமாகக் கிளம்பினால் ஆம்புலன்ஸ் செல்லும் சாலைகள் அடைபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த முடிவை எடுத்த பந்தய இயக்குநர் வேறு யாருமல்லர். 1922இல் இதைக் கனவு கண்ட மூவரில் ஒருவரான அதே சார்ல் ஃபாரூ. இரவு ஒன்றே முக்கால் மணி அளவில், முன்னணியில் இருந்த தன் கார்களை மெர்சிடிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. ஹாத்தார்ன் வென்றார்.

இந்த நாளுக்கு எந்த விதி காரணம், சொல்லுங்கள். விசாரணையே எந்த ஓட்டுநரையும் குற்றவாளி ஆக்கவில்லை.

லா சப்பல் வாசி

பாரிசில் இருந்து எழுதுகிறேன். வானொலி அண்ணா, விசாரணை ஓட்டுநரைக் குற்றம் சொல்லாததற்குக் காரணம், குற்றம் சாலையில் இருந்தது என்பதுதானே? 1923இன் வேகத்துக்காக அமைந்த சாலையில் 1955இன் கார்களை விட்டார்கள். மறு ஆண்டுக்குள் பிட்டுகளைப் பின்தள்ளி, அந்த நேர்ப்பகுதியை அகலமாக்கி, பார்வையாளர் மேடைகளை இடித்துக் கட்டினார்கள்; வேலை முடியாததால் 1956ஆம் ஆண்டுப் பந்தயம் ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போனது. சுவிட்சர்லாந்து ஒருபடி மேலே போய்த் தன் நாட்டில் சுற்றுத்தடக் கார்ப் பந்தயத்தையே தடை செய்தது. அந்தத் தடை முழுமையாக நீங்கியது 2022இல்தான்.

அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தொலைக்காட்சியில் அது ஒருபோதும் விளங்காது. லெ மான் ரயில் நிலையத்தில் இறங்கினால் டிராம் வண்டி பந்தயத் தடத்தின் அருகே கொண்டுபோய் விடும். நாங்கள் மூன்று பேர் போனது பந்தயம் இல்லாத ஒரு மார்கழி வார நாளில். புகழ்பெற்ற முல்சான் நேர்ப்பாதை, பிரெஞ்சுக்காரர் உனோடியேர் என்று அழைப்பது, ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் வெறும் பொதுச் சாலை. லாரி போகிறது, பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிறார்கள், ஓரத்தில் உணவகமும் கார் விற்கும் கடைகளும் இருக்கின்றன. சாலை நடுவில் சாதாரண மாவட்டச் சாலைக்குரிய வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் மரங்கள், அவற்றுக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. நான் எதிர்பார்க்காதது, லாரிகள் ஓடி ஓடி உண்டான பள்ளம்: சாலையின் இரண்டு பக்கமும் மெல்லிதாகத் தாழ்ந்து நடுப்பகுதி மேடாக இருக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டரில் அந்த மேட்டைக் குறுக்கே தாண்டி முந்த வேண்டும் என்றால் என்னவென்று அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வாடகைக் கார் 80இல் போனபோதே நண்பர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று: கடைசி எழுத்தை உச்சரிக்காமல் 'லெ மான்' என்று இங்கே எல்லோரும் எழுதுவதற்கு நன்றி.

கொண்டைஊசி

வானொலி ஐயாவின் கேள்விக்கு லா சப்பல் நண்பர் பாதி விடை சொல்லிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். விதி இல்லாத இடத்தில் ஏற்பட்ட சாவும் விதியின் வரலாறுதான். இல்லாமை எவ்வளவு விலை கேட்டது என்பதை அது காட்டுகிறது.

அதற்கு 1969ஐவிடத் தெளிவான சான்று இல்லை. ஓடிவந்து காரில் ஏறும் தொடக்கம் அந்த ஆண்டும் இருந்தது. கார்கள் பிட் சுவரை ஒட்டிச் சாய்வாக வரிசையில் நிற்கும். எதிர்ப்பக்கம் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு வட்டத்துக்குள் நிற்பார்கள். கொடி அசைந்ததும் ஓட்டம். பார்க்க அழகான காட்சிதான், ஆனால் சீட் பெல்ட் வந்த பிறகு அது கொலைக்கருவி ஆகிவிட்டது. முதலில் கிளம்ப நினைப்பவன் பெல்ட்டைப் பூட்டுவதில்லை. முல்சான் நேர்ப்பாதையில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பூட்டிக்கொள்ளலாம் என்று போய்விடுவான். சிலர் முதல் முறை பிட்டுக்கு வரும்வரை பூட்டாமலே ஓட்டினார்கள்.

அந்த ஆண்டு ஜாக்கி இக்ஸ் என்ற 24 வயது பெல்ஜியக்காரர் ஓட மறுத்தார். மற்றவர்கள் பாய்ந்தோட, அவர் கடைவீதியில் நடப்பவர்போல் சாலையைக் கடந்து, தம் ஃபோர்டு ஜிடி40இல் ஏறி அமர்ந்து, பெல்ட்டை நிதானமாகப் பூட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில், மேசோன் பிளான்ஷ் வளைவருகே, ஜான் வூல்ஃப் என்ற ஆங்கிலேயரின் போர்ஷே 917 தடுமாறி மோதியது. பெல்ட் பூட்டாத வூல்ஃப் தூக்கி எறியப்பட்டு மாண்டார். இக்ஸ் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சாலையே சொல்லிவிட்டது.

மறுநாள், கடைசியாகக் கிளம்பிய அதே இக்ஸ், ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷே 908ஐ, 24 மணி நேர ஓட்டத்தின் முடிவில் நூற்றைம்பது மீட்டர்கூட இல்லாத இடைவெளியில் வென்றார். 1970இல் ஓட்டுநர்கள் பெல்ட் பூட்டியபடி காருக்குள் அமர்ந்திருந்தே கிளம்பினார்கள். 1971 முதல் வரிசையாக ஓடிக்கொண்டே தொடங்கும் முறை. நடந்து வந்த ஒருவர் விதியை மாற்றினார் என்று வானொலி ஐயா இதையும் தம் பக்கம் இழுத்துக்கொள்வார் என்று தெரியும்.

நள்ளிரவு வானொலி

இழுத்துக்கொள்கிறேன். நன்றி.

பின்வரிசை

நான் இந்தப் பந்தயத்துக்குப் புதியவள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோதுதான் இப்படி ஒரு வகைப் பந்தயம் இருப்பதே தெரிந்தது. என் கேள்வி எளியது: நம் ஊர்க்காரர்கள் யாராவது லெ மானில் ஓட்டியிருக்கிறார்களா?

செட்டிபாளையம்

ஓட்டியிருக்கிறார்கள், அம்மா. சென்னையைச் சேர்ந்த கருண் சாந்தோக் 2012இல் டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோரோடு ஓட்டி ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம் பெற்றார். அதற்கு மூன்று ஆண்டு முன், 2009இல், எங்கள் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஆடி (Audi) நிறுவனத்தின் டீசல் கார் ஒன்றின் மூன்று ஓட்டுநர்களில் ஒருவராகப் போயிருந்தார். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரருகே விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. கடைசியில் அவர் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. மற்ற இருவரும் 24 மணி நேரத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு ஏழாவதாக முடித்தார்கள். தமிழ்நாட்டு ரசிகர்கள் அன்று பட்ட வருத்தம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

இனி என் பட்டறைப் பக்கம் திரும்புகிறேன். விதி எஞ்சினை எப்படி வடிவமைக்கிறது என்று பார்க்க 1980களின் குரூப் சி என்ற பந்தயக் கார்ப் பிரிவின் காலத்தைப் பாருங்கள். எவ்வளவு பெரிய எஞ்சினை வேண்டுமானாலும் வைத்துக்கொள், டர்போவும் போட்டுக்கொள், ஆனால் 100 கிலோமீட்டருக்கு 60 லிட்டர் என்ற கணக்குக்கு மேல் எரிக்காதே என்பது அதன் சாரம். என்னைப் பொறுத்தவரை பந்தய உலகில் எழுதப்பட்ட மிக அறிவார்ந்த விதி அதுதான். போர்ஷே 956, 962 கார்கள் 1982 முதல் 1987 வரை ஒரு முறைகூட விடாமல் வென்றது அந்தக் கணக்கை மற்றவர்களைவிட நன்றாகப் போட்டதால்தான்.

1983 முடிவு அந்த விதியின் முழு உருவம். முன்னணியில் இருந்த 3ஆம் எண் காரின் கதவு ஒன்று பறந்துபோயிருந்தது. கதவு போனால் என்ன என்று நினைக்கலாம். அந்தக் காரில் பக்கவாட்டில் ஓடும் காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. காற்றோட்டம் கெட்டு எஞ்சின் கொதித்தது. கடைசிச் சுற்றில் ஆல் ஹோல்பெர்ட் ஓட்டிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இறுகி, பின்னால் வெண்புகை கக்கியது. துரத்தி வந்த இன்னொரு போர்ஷேயில் டெரெக் பெல், தம் டேங்கில் பெட்ரோல் வற்றிக்கொண்டிருக்க, விரைந்தும் விரையாமலும் வந்தார். ஒருவருக்கு எஞ்சின் இல்லை, மற்றவருக்கு எரிபொருள் இல்லை. ஹோல்பெர்ட்டின் கார் சிறு இடைவெளியில் முந்திக் கோட்டைக் கடந்தது. கொதித்த எஞ்சினை நாங்கள் பிரித்துப் பார்க்கும்போது வரும் அந்தக் கருகிய எண்ணெய் நாற்றம், அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூக்கில் ஏறும்.

1991இல் மஸ்தா 787பி வென்றதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் உறுப்புள்ளது) காருக்கு 830 கிலோ போதும் என்று மஸ்தா பேசி வாங்கிய சலுகை இல்லையென்றால், 1,000 கிலோ சுமந்த மெர்சிடிஸ், ஜாகுவார் கார்களோடு அதனால் ஈடுகொடுத்திருக்க முடியாது. மெர்சிடிஸ் பெருத்த முன்னிலையில் இருந்து, மூன்று மணி நேரம் மீதமிருக்கையில் குளிர்விப்புக் கெட்டு நின்றது. மஸ்தா ஓடிக்கொண்டே இருந்தது. வென்று இறங்கிய ஜானி ஹெர்பெர்ட், உடலில் நீர் வற்றி மயங்கிச் சாய்ந்ததால் வெற்றி மேடைக்கே வர முடியவில்லை.

நள்ளிரவு வானொலி

செட்டிபாளையத்தாரே, சலுகையை வாங்கித் தந்தது மேசைப் பேச்சு. ஆனால் மற்றவர்களின் எஞ்சின் நிற்கும்போது நிற்காமல் ஓடியது கார். இரண்டையும் குழப்பாதீர்கள்.

விதிப்புத்தகம் தானாகவே ஒரு முடிவைத் தீர்மானித்த தருணம் எனக்குத் தெரிந்து இரண்டு. இரண்டுமே எனக்கு உறுத்துபவை. முதலாவது 1966. ஃபெராரியை விலைக்கு வாங்கப் போய் ஏமாந்து திரும்பிய இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, கோடி கோடியாகச் செலவழித்து, முதல் மூன்று இடங்களையும் தம் கார்கள் பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். கடைசி நேரத்தில் ஃபோர்டு நிர்வாகத்துக்கு ஓர் ஆசை: முன்னிருக்கும் இரு கார்களும் சேர்ந்தே கோட்டைக் கடக்கட்டும், படம் நன்றாக இருக்கும். முன்னணியில் இருந்த ஃபோர்டு ஓட்டுநர் கென் மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். அப்போது விதி குறுக்கே வந்தது. அளக்கப்படுவது 24 மணி நேரத்தில் ஓடிய தொலைவு. புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன் ஆகியோரின் கார் தொடக்க வரிசையில் மைல்ஸின் காருக்குச் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தது. எனவே சேர்ந்து வந்தால் அந்தச் சில மீட்டர் அதிகமாக ஓடியவர்கள் அவர்களே. அதே ஆண்டு டேடோனா, செப்ரிங் என்ற அமெரிக்க நெடுநேரப் பந்தயங்கள் இரண்டையும் வென்றிருந்த மைல்ஸுக்கு மூன்றாவது கைநழுவிப் போனது. இரண்டு மாதம் கழித்துக் கலிஃபோர்னியாவில் சோதனை ஓட்டத்தில் அவர் இறந்தார்.

இரண்டாவது 2016. எத்தனையோ ஆண்டு முயன்று தோற்ற டொயோட்டா, ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னிலையோடு கடைசிச் சுற்றை நெருங்கியது. ஐந்து நிமிடம் போல இருந்தது. கஸுக்கி நக்காஜிமா ரேடியோவில் சக்தி இல்லை, சக்தி இல்லை என்று கதறினார். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. கார் தன் பிட்டுக்கு எதிரே, தன் ஆட்கள் கண்முன்னால் நின்றது. போர்ஷே கடந்து போனது. பிறகு நக்காஜிமா எப்படியோ காரை உசுப்பி அந்தக் கடைசிச் சுற்றை ஓட்டி முடித்தார். ஆனால் ஏறத்தாழ 12 நிமிடம் எடுத்தது. கடைசிச் சுற்றை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் இடம்கூட இல்லை. முடிவுப் பட்டியலில் இடமில்லாத கார் என்று எழுதிவிட்டார்கள்.

நான் கேட்பது இதுதான். அந்த நாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது டொயோட்டாவைத்தானே? வென்ற போர்ஷேயின் மூன்று ஓட்டுநர் பெயரையும் இங்கே எத்தனை பேர் தேடாமல் சொல்வீர்கள்?

லா சப்பல் வாசி

ரோமான் டுமா, நீல் ஜானி, மார்க் லீப். நான் போர்ஷே ஆள், மன்னிக்கவும்.

விதிக்கும் சாலைக்கும் நடந்த சண்டை ஒன்று விடுபட்டுவிட்டது. 1988இல் ரோஜே டோர்ஷி ஓட்டிய டபிள்யூஎம்-பெஜோ கார் அதே உனோடியேர் நேர்ப்பாதையில் மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டது. வெற்றி பெறும் எண்ணமே அந்தச் சிறிய அணிக்கு இல்லை. 400ஐத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். தாண்டிய பின் எஞ்சின் வெந்து கார் ஒதுங்கியது. இரண்டு ஆண்டில், 1990இல், ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நேர்ப்பாதையை இரண்டு வளைவுத் தடைகள் வைத்து மூன்றாக வெட்டிவிட்டார்கள். நாங்கள் போனபோது அவற்றைத் தேடிப் பார்த்தோம். பொதுச் சாலை தன் பாட்டில் நேரே போகிறது. பந்தயத்துக்கான வளைவு மட்டும் பக்கவாட்டில் பிரிந்து, தடுப்புக்குப் பின்னால், யாரும் ஓடாத தார்த் துண்டாகக் கிடக்கிறது. லாரிக்காரருக்கு அந்த விதி இல்லை.

கொண்டைஊசி

வானொலி ஐயா கேட்டதை இரண்டு நாளாக யோசித்தேன். முதல் பதிவில் நானே எழுதிவிட்டுக் கவனிக்காமல் கடந்த ஓரிடம் இப்போது என்னைத் தடுக்கிறது.

1923இல் லகாஷும் லெயோனாரும் அதிகத் தொலைவு ஓடினார்கள் என்று எழுதினேன். வென்றார்கள் என்று எழுதவில்லை. காரணம், அந்த ஆண்டின் விதிப்படி வெற்றியாளரே கிடையாது. ருட்ஜ்-விட்வர்த் கோப்பை மூன்று ஆண்டுகளுக்கு உரியது. ஒவ்வொரு காரும் தன் எஞ்சின் அளவுக்கு விதித்த குறைந்தபட்சத் தொலைவை ஓடிக்காட்டினால் அடுத்த ஆண்டுக்குத் தகுதி பெறும், அவ்வளவே. யார் முதலில் வந்தார் என்பது அமைப்பாளர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஆனால் சாலையோரம் நனைந்துகொண்டு நின்ற கூட்டமும் மறுநாள் பத்திரிகைகளும் அதிகத் தொலைவு ஓடிய காரையே வென்றதாகக் கொண்டார்கள். இன்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் வரியில் இருப்பது ஷெனார் எ வால்க்கர். விதிப்புத்தகம் அன்றே தோற்றிருக்கிறது.

நள்ளிரவு வானொலி

அப்படியானால் என் பங்குக்கு ஒன்றை நான் விட்டுக்கொடுக்கிறேன். 50ஆம் எண் ஃபெராரியை நீக்கியது சரிதான். ஏனென்று கேட்டால், 1924இல் முத்திரை உடைந்த மூடியோடு வந்த காரையும் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

செட்டிபாளையம்

இறகைத் தாங்கும் போல்ட்டை ஒழுங்காக முடுக்கியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது என்று எங்கள் பட்டறைப் பையன் சொல்கிறான். அவன் முடுக்கிய போல்ட்டை நாளைக் காலையில் சரிபார்க்கப் போகிறேன்.